ஆறாவது கிராஸுக்குப் போன நல்லி

கார்ப்பரேட்டர் ஆனால் நாற்காலி கிடைக்கும் என்று சொல்லித்தான் என்னைத் தேர்தலில் நிறுத்தினார்கள். நாற்காலி கிடைத்தது வாஸ்தவம், ஆனால் ஐந்து வருஷத்தில் அதில் நான் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. வாசலில் யாராவது நின்றுகொண்டே இருப்பார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்பார்கள். நாய் கடித்துவிட்டது என்பார்கள். ஒருத்தி ரேஷன் கார்டிலிருந்து மாமியார் பெயரை எடுக்கச் சொல்லி வந்தாள், விசாரித்தால் மாமியார் நல்ல திடகாத்திரமாக இருந்தார். பொதுக் காரியத்தில் ஒரு தடவையாவது தலையைக் கொடுத்தவர்கள், குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராகி மாட்டிக்கொண்டவர்கள், கல்யாண வீட்டில் பந்தி விசாரித்துப் பேச்சு வாங்கினவர்கள் எல்லாரும் நம்ம ஜாதிதான். உங்களிடம் சொன்னால்தான் இதெல்லாம் புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் எங்கள் வார்டை எஸ்.சி. பெண்களுக்கு ஒதுக்கினார்கள். எங்கள் காலனி, லே-அவுட்டின் ஒன்பதாவது கிராஸ், அதாவது ஒன்பதாவது குறுக்குத் தெரு, முடிகிற பள்ளத்தில் இருந்தது. அறுபது எழுபது வீடு, எல்லாரும் தமிழ் பேசுகிற ஜனம். கட்டட வேலைக்கும் தெருக் கூட்டுகிற வேலைக்கும் வந்து தங்கினவர்கள். என் அப்பாவும் அம்மாவும் மாதேஸ்வரன் மலைப் பக்கத்து ராமாபுரத்திலிருந்து அந்த லே-அவுட்டைக் கட்ட வந்தவர்கள்தான். ஆறாவது கிராஸ் மாடி வீடுகளுக்கெல்லாம் எங்கம்மா சிமெண்ட் சட்டி சுமந்திருக்கிறாள். அந்த வீடுகளுக்குள் குழாய்த் தண்ணீர் வந்து பல வருஷமாகியும் எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் லாரிதான். லாரி வருகிற அன்றைக்கு எந்தப் பெண்ணும் வேலைக்குப் போக முடியாது.

ஓட்டுக் கேட்டுப் போனபோது நான் ஒரே ஒரு வாக்குத்தான் கொடுத்தேன், என் காலம் முடிவதற்குள் காலனிக்கு நல்லி வரும் என்று. மைசூரில் குழாய்க்கு நல்லி என்றுதான் பெயர். சேலத்திலிருந்து வந்திருந்த என் சித்தப்பா அதைக் கேட்டுவிட்டு, "ஓட்டுக்கு நல்லி எலும்பா தர்றீங்க?" என்றார். அடுத்த தேர்தலில் ஒதுக்கீடு வேறு வார்டுக்குப் போய்விடும், அப்புறம் எங்களில் ஒருத்தியை அந்த நாற்காலிக்குப் பக்கத்தில்கூட விடமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் முதல் நாளிலிருந்தே நான் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டுதான் திரிந்தேன்.

மஸ்டர் பின்பக்கம்

பதவி ஏற்கிற அன்றைக்குத் துணைக்கு மாரியம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா எங்கள் பக்கத்து வீடு. தருமபுரிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், கார்ப்பரேஷனில் தெருக் கூட்டுகிற வேலை. கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். புதுச் சேலை கட்டியிருந்தேன், தலையில் பூ வைத்திருந்தேன், ஆனால் என் கறுப்பை எந்தச் சேலையும் மறைக்காது. "மஸ்டர் ஹிந்தே இதெ, ஆ கடெ ஹோகம்மா" என்றார். தெருக் கூட்டுகிறவர்கள் ஆஜர் கொடுக்கிற இடம் பின்பக்கம், அங்கே போ என்று அர்த்தம்.

எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, காதுதான் சூடாகும். நான் வார்த்தையைத் தேடுவதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். அவள் தமிழில்தான் பேசினாள். அவள் தமிழ் மைசூரில் யாருக்கும் புரியாமல் போனதில்லை. "பின்னாடி மஸ்டர் எனக்குத்தாம்ப்பா. இவளுக்கு முன்னாடி. நீ எந்திரிச்சு கேட்டைத் தொற."

சாஹேப்ரு யாரு?

எங்கள் வீட்டுக்காரர் முருகேசன் சென்ட்ரிங் வேலை செய்கிறவர். பேச்சு அதிகம் இல்லாத மனுஷன். வார்டைச் சுற்றிப் பார்க்க ஜே.இ., அதாவது ஜூனியர் இன்ஜினீயர், வந்த முதல் நாள் இவரும் கூட வந்தார். "கார்ப்பரேட்டர் சாஹேப்ரு நீங்கதானே?" என்று ஜே.இ. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். டீக்கடைக்காரர் அவருக்கு நாற்காலி போட்டார். வரைபடத்தை அவர் மடியில் விரித்தார்கள். நான் பக்கத்தில் அவருடைய குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கால்வாய் இந்தப் பக்கம் போகலாமா அந்தப் பக்கம் போகலாமா என்று ஜே.இ. கேட்கிறார். இவர் என்னைப் பார்க்கிறார். நான் வேண்டுமென்றே வேப்பமரத்தைப் பார்த்தேன். கடைசியில் "ரெண்டு பக்கமும் போகட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "ஏ செல்வி, உம்பட நாற்காலியில உக்காந்தா முதுகெல்லாம் வேர்க்குது. இனி நீயே போ சாமி."

ஸஹி

எங்கள் ஆபீஸில் நஞ்சுண்டப்பா என்று ஒரு கிளார்க். நல்ல மனுஷன், ஆனால் காகிதத்தில் கையெழுத்து விழாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. முதல் கூட்டம் முடிந்ததும் ஒரு கட்டுக் காகிதத்தை என் முன்னால் வைத்து, "ஸஹி மாடி மேடம்" என்றார். கன்னடத்தில் ஸஹி என்றால் கையெழுத்து. நான் ஒன்று போட்டேன். "இல்லி ஸஹி மாடி", இங்கேயும் போடுங்கள் என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அடுத்தது, அதற்கடுத்தது. பதினைந்து இடத்தில் ஸஹி, ஸஹி, ஸஹி.

பின்னால் சுவர் ஓரமாக மாரியம்மா அக்கா நின்றுகொண்டிருந்தாள். அக்கா பதினெட்டு வருஷமாகக் கார்ப்பரேஷனில் வேலை பார்க்கிறாள், ஆனால் அவளிடம் யாரும் ஸஹி கேட்டதே இல்லை. மை டப்பாவை நீட்டுவார்கள், கட்டை விரலை வைப்பாள், அவ்வளவுதான். அதனால் அந்த வார்த்தை அவள் காதில் நம்ம தமிழாகவே விழுந்திருக்கிறது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். முகத்தில் அவ்வளவு வருத்தம். "சகி சகின்னு எத்தனை தடவைடி சொல்றான். இவ்வளவு பெரிய பதவிக்கு வந்தும் நம்மளைச் சகிச்சுக்கத்தான் சொல்றானுங்களா?"

தசரா பாஸ்

தசரா வந்தால் எங்கள் காலனிக்கு வழி தெரியாதவர்களுக்கெல்லாம் வழி தெரிந்துவிடும். ஊர்வலத்தை நிழலில் உட்கார்ந்து பார்க்க கார்ப்பரேட்டர்களுக்குக் கொஞ்சம் பாஸ் கொடுப்பார்கள். எனக்கு வந்தது ஒரு கை விரலுக்குள். கேட்டு வந்தவர்கள் பால்காரர், பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர், என்னைத் தோற்கடிக்க வேலை செய்தவர், அவருடைய மச்சினர்.

ஆறாவது கிராஸ் மூலை வீட்டு யஜமானரும் வந்தார். பேங்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர், தெருச் சங்கத்துக்குத் தலைவர். ஒன்பதாவது கிராஸில் தார் ரோடு முடிகிற இடம் வரைக்கும் வந்து, பள்ளத்தில் இறங்காமல், மேலே நின்றபடியே என்னைக் கூப்பிட்டார். நான் மேடேறிப் போய் இரண்டு பாஸ் கொடுத்தேன். சும்மா கொடுக்க மனசு வரவில்லை. "சார், உங்க தெரு வரைக்கும் பெரிய பைப் வந்திருக்கு. அதுலேருந்து எங்களுக்கு ஒரு நல்லி கேட்டிருக்கேன். சங்கத்து சார்பா நீங்களும் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தா சீக்கிரம் நடக்கும்" என்றேன். அவர் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பதிலுக்காக நின்றேன். "இது முன் வரிசையாம்மா, பின் வரிசையா?" என்றார்.

ஒரு பிழை இல்லை

என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஸஹி போடுவது எனக்கு ஆகவில்லை. நான் படித்தது மாதேஸ்வரன் மலைக்கு அந்தப் பக்கம், மேட்டூரில் மாமா வீட்டில் தங்கித் தமிழில் ஏழாவது வரைக்கும். கன்னடம் மடமடவென்று பேசுவேன், எழுத்துத் தெரியாது. என் மகள் கவிதா மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள், கன்னட மீடியம். அவளுடைய பழைய பாடப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பிலும், ஆபீஸ் வராந்தாவிலும், மிக்ஸி இல்லாத வீட்டில் சட்னி அரைக்கிற நேரத்திலும் படித்தேன். எட்டு மாசத்தில் மண்டி மொஹல்லாக் கடை போர்டெல்லாம் வாய்விட்டுப் படிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. கூட நடந்து வருகிறவர்களுக்குத்தான் தலைவலி. கன்னட எண்கள் மட்டும் அந்தப் புத்தகத்தின் பின் அட்டையில் இருந்தனவாம், அட்டை எப்போதோ கிழிந்து போயிருந்தது. அதனால் எண்களைப் பஸ் போர்டு பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

நாலாவது வருஷம் எங்கள் வார்டுக்கு ஒரு பொது நல்லி சாங்ஷன் ஆயிற்று. எங்கே போடுவது என்று உறுப்பினர் எழுதிக் கொடுக்க வேண்டும். நஞ்சுண்டப்பா டைப் அடித்துத் தருகிறேன் என்றார். எனக்கு வீம்பு, மாட்டேன் என்றேன். காலனிக்கு வருகிற முதல் நல்லி, என் கையெழுத்தில்தான் வரவேண்டும். இரண்டு நாள் உட்கார்ந்து, நாலு தாள் கிழித்து, கன்னடத்தில் ஒரு பக்கம் எழுதினேன். ஒன்பதாவது கிராஸ் என்பதை எழுத்தால் எழுதியிருந்தால் பிழைத்திருப்பேன். எண்ணில் போட்டால்தான் ஆபீஸ் காகிதம் மாதிரி இருக்கும் என்று கன்னட எண்ணில் போட்டேன். நஞ்சுண்டப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தார். பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மேடம், ஒரு எழுத்துகூடப் பிழை இல்லை" என்றார்.

எழுதின இடம்

பெண் உறுப்பினர்களுக்குப் பயிற்சி என்று ஒரு வாரம் பெங்களூருக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், ஒன்பதாவது கிராஸில் எங்கள் பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். கையில் மஞ்சள், குங்குமம், கற்பூரம், காலிக் குடம். நல்லி போட்டாயிற்று என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அங்கே நல்லியும் இல்லை, குழி வெட்டின அடையாளமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒருத்தி ஓடி வந்து சொன்னாள், நல்லி ஆறாவது கிராஸில் இருக்கிறது, மூலை வீட்டு கேட்டுக்கு நேரெதிரே, புதுசாகப் பளபளவென்று. அந்தத் தெருவில் நல்லி இல்லாத வீடே கிடையாது. எல்லார் கண்ணும் என் மேல் திரும்பியது. "தசரா பாஸ் கொடுத்தாளே, அப்பவே தெரியும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

பெங்களூர்ப் பையைக்கூட வீட்டில் வைக்காமல் ஆபீஸுக்கு ஓடினேன். ஜே.இ.யை ஒரு பிடி பிடித்துவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். அவர் ஃபைலைத் திறந்து என் காகிதத்தை எடுத்து வைத்தார். கன்னடத்தில் ஆறும் ஒன்பதும் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் மாதிரி இருக்கும், வளைவிலும் வாலிலும்தான் கொஞ்சம் வித்தியாசம். நான் அழகாக, அழுத்தமாக, இரண்டு இடத்தில் ஆறு என்று எழுதியிருந்தேன். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது, அதில் உட்காரக்கூடத் தோன்றவில்லை. ஜே.இ. பாவம், மெதுவாகத்தான் சொன்னார்: "நீங்க எங்க எழுதினீங்களோ அங்கயே போட்டிருக்கோம் மேடம். இவ்வளவு கரெக்டா நான் யாருக்கும் செஞ்சதில்ல."

தப்பாய்த்து

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் நஞ்சுண்டப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். இன்ஜினீயர் தவறாகப் படித்துவிட்டார் என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், அவரும் கோபித்துக்கொள்ளமாட்டார், பழக்கப்பட்டவர் என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. காலனியில் என் மானம் மிஞ்சும். ஆனால் அந்தக் காகிதத்தை நானே எழுதினேன் என்று அத்தனை பேரிடம் பெருமை அடித்திருந்தேன். நல்லது நடந்தால் என் எழுத்து, கெட்டது நடந்தால் அவர் கண்ணா என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

எழுந்து நின்றேன். "தப்பாய்த்து. ஒன்பதுக்குப் பதிலா நான்தான் ஆறுன்னு எழுதிட்டேன். நல்லியை ஒன்பதாவது கிராஸுக்கு மாத்திக் கொடுங்க" என்றேன். சபையில் யாரோ சிரித்தார்கள். நான் சொன்னதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார்கள். போட்ட நல்லியைப் பிடுங்க விதி இல்லை, அந்தத் தெருக்காரர்களே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம், இல்லையென்றால் அடுத்த சாங்ஷன் வரட்டும் என்றார்கள். அடுத்த சாங்ஷன் வருவதற்குள் என் காலம் முடிந்துவிடும். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் மூன்று தடவை ஜெயித்த பழைய உறுப்பினர். நான் உட்காரும்போது என் பக்கம் சாய்ந்து உண்மையான கவலையோடு சொன்னார்: "என்னம்மா இது, இந்தச் சபையில தப்புன்னா அது இன்ஜினீயருதுதான். நீங்க வழக்கத்தையே கெடுக்கறீங்களே."

கேட் எதிரே

காலனியிலும் போய் உண்மையைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த வாரம் என் வாசலில் ஒருத்தரும் வந்து நிற்கவில்லை. ஐந்து வருஷத்தில் நான் நிம்மதியாக உட்கார்ந்திருக்கக்கூடிய ஒரே வாரம் அதுதான், உட்கார்ந்தால் முள்ளாகக் குத்தியது. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து எங்கள் வீட்டுக்காரருக்கே தலை சுற்றியது.

எட்டாம் நாள் காலையில் மாரியம்மா அக்கா இரண்டு பிளாஸ்டிக் குடத்தோடு வந்து நின்றாள். ஒன்றை என் கையில் கொடுத்தாள். நல்லி நம்ம பேரில் வந்தது, எங்கே இருந்தால் என்ன, போய்ப் பிடிப்போம் வா என்றாள். நாங்கள் இரண்டு பேர் போனதைப் பார்த்து நாலு பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் காலனியே வந்தது. ஆறாவது கிராஸில் மூலை வீட்டு கேட்டிலிருந்து மருந்துக் கடை வரைக்கும் பச்சையும் சிவப்பும் நீலமுமாகக் குடம். கார்ப்பரேட்டர் என்று எனக்கு வரிசையில் சலுகை எதுவும் கிடையாது, அக்கா விடமாட்டாள்.

யஜமானர் நாலைந்து நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அப்புறம் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "தண்ணி பிடிக்கறதுல எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லம்மா. ஆனா கேட் எதிர்ல இவ்வளவு பேர் நிக்க வேணாமே" என்றார். எனக்குக் காது சூடாக ஆரம்பித்தது. அந்தத் தெருவை விடியற்காலையில் கூட்டிவிட்டு, அந்தச் சேலையோடேயே வரிசைக்கு வந்திருந்தாள் அக்கா. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டாள்: "அப்ப நாளையிலிருந்து உங்க கேட் எதிர்ல நின்னு கூட்டவும் வேணாமா சார்?"

கலீஜு

ஒரு மாசம்கூட ஆகவில்லை. ஆறாவது கிராஸ் முழுக்கச் சேர்ந்து மனு கொடுத்தார்கள், நல்லியை ஒன்பதாவது கிராஸுக்கு மாற்றும்படி. எதற்கும் ஒன்று சேராத தெரு அது. நஞ்சுண்டப்பா சந்தோஷத்தில் மூச்சு வாங்க வந்தார். "தெருக்காரங்களே கேட்டுட்டாங்க மேடம், கீழே நீங்க ஒரு ஸஹி போட்டா போதும், அடுத்த வாரம் நல்லி உங்க காலனியில" என்றார். பேனாவைத் திறந்துவிட்டேன். ஆனால் இப்போதுதான் எனக்குப் படிக்க வருமே. விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். நாலாவது வரியில் விரல் நின்றுவிட்டது. காலனிப் பெண்கள் வருவதால் எங்கள் தெரு கலீஜு ஆகிறது, அதனால் மாற்ற வேண்டும் என்று இருந்தது. கலீஜுக்குத் தமிழ் தனியாகச் சொல்ல வேண்டாம், எல்லா ஊரிலும் அது அசிங்கம்தான். கீழே இருபத்து மூன்று ஸஹி, முதல் ஸஹி யஜமானருடையது.

பேனாவை மூடினேன். அந்தக் காகிதத்தை மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். போட்டால் தண்ணீர் வரும், ஆனால் கலீஜு என்று நானே ஒப்புக்கொண்டதாக ஃபைலில் என்றைக்கும் இருக்கும். போடாவிட்டால் மானம் இருக்கும், நல்லி காலனிக்கு வராது. "தண்ணி வரட்டும், அந்த வார்த்தையை வுட்டுப்போடு" என்றார் எங்கள் வீட்டுக்காரர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்குத்தான் வயிறு எரிந்தது. அந்த வீடுகளின் கலவை எங்கம்மா தலையில் ஏறிப் போனது. அது கலீஜு இல்லையாம், எங்கள் குடம் மட்டும் கலீஜாம். அழுகையாக வந்தது, அழுதேன்.

கடைசியில் அக்காவிடம் போய் உரக்கப் படித்துக் காட்டினேன். துடைப்பத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "இருபது வருஷமா அந்தத் தெருவை அள்றவ நானு. கலீஜு யாருதுன்னு என்னைக் கேக்கச் சொல்லு" என்றாள். பிறகு கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "உனக்கு எழுதத் தெரியும்ல? அதைச் சகிச்சுக்கிட்டு அவங்க காகிதத்துல எதுக்கு ஸஹி போடறே? நீ எழுது. அவங்க ஸஹி போடட்டும்."

ஒன்பது

அன்றைக்கு மத்தியானமே எழுதினேன். 'ஒன்பதாவது கிராஸுக்கு வரவேண்டிய நல்லி, உறுப்பினராகிய என் எழுத்துப் பிழையால் ஆறாவது கிராஸுக்கு வந்துவிட்டது. அதை உரிய இடத்துக்கு மாற்றுவதில் எங்களுக்குச் சம்மதம்.' அவ்வளவுதான். சபையில் நான் சொன்னது ஏற்கெனவே பதிவில் இருந்ததால் நஞ்சுண்டப்பாவும், இது போதும், இன்னும் பலமான காகிதம் என்றார். எடுத்துக்கொண்டு மூலை வீட்டுக்குப் போனேன். "உங்க மனுவுல என்னால ஸஹி போட முடியாது சார். இதுல நீங்க போடுங்க. இல்லன்னா நல்லி இங்கயே இருக்கட்டும், நாங்க தினமும் வர்றோம்" என்றேன். காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் படித்தார். தன்னுடைய பழைய மனுவைக் கேட்டு வாங்கி அதையும் ஒரு தடவை படித்தார், நாலாவது வரியில் கொஞ்ச நேரம் நின்றிருந்தார். முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்து முதல் ஸஹி போட்டார். மற்ற இருபத்து இரண்டு பேரையும் அவரே வரச் சொன்னார். காகிதத்தைத் திருப்பித் தரும்போது மட்டும் ஒன்று கேட்டார்: "இந்தத் தடவை எழுதியிருக்கறது ஒன்பதுதானேம்மா?"

வரிசை

நல்லி எங்கள் பள்ளத்துக்கு வந்துவிட்டது. என் காலத்தின் கடைசி வருஷம் அது. அந்தக் கோடையில் தண்ணீருக்கு வேகம் குறைந்துபோய் மேட்டில் இருக்கிற ஆறாவது கிராஸ் வீடுகளில் நல்லியைத் திறந்தால் காற்றுதான் வந்தது. எங்களுடையது பள்ளம், நூல் மாதிரியாவது வந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பள்ளத்தில் இருப்பதற்கு ஒரு லாபம் கிடைத்தது.

ஒரு நாள் காலையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். தார் ரோடு முடிகிற இடத்தில் யஜமானரின் மனைவி வந்து நின்றார். கையில் பித்தளைக் குடம், நல்ல கனமான குடம். அந்த அம்மா எங்கள் யாரிடமும் ஒரு கெட்ட வார்த்தை பேசினது கிடையாது, நல்ல வார்த்தையும் பேசினது கிடையாது. அத்தனை பெண்களும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உள்ளே என்னென்னவோ பொங்கியது. அந்த நாலாவது வரியை எனக்கு மனப்பாடமாகத் தெரியும், கன்னடத்திலேயே சொல்லியிருப்பேன். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

மாரியம்மா அக்கா என்னை முந்திக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். அந்த அம்மாவுக்கு இறங்கப் பயம், செருப்பு வழுக்கியது. அக்கா ஒரு கையால் குடத்தை வாங்கிக்கொண்டு இன்னொரு கையை நீட்டினாள். அந்த அம்மா அந்தக் கையை ஒரு கணம் பார்த்தார், பிறகு பிடித்துக்கொண்டார். கீழே வந்ததும் அக்கா பித்தளைக் குடத்தைக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில், எங்கள் நீலப் பிளாஸ்டிக் குடத்துக்குப் பின்னால் வைத்தாள். "எங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லம்மா. வரிசையில மட்டும் நில்லுங்க."

அடுத்த தேர்தலில் வார்டு பொது வார்டாகிவிட்டது, நாற்காலியும் போய்விட்டது, இப்போது உட்கார நிறைய நேரம் கிடைக்கும்போது யோசித்துப் பார்த்தால் ஐந்து வருஷப் பதவியில் நான் உருப்படியாக எழுதினது ஒரே ஒரு ஒன்பதுதான், அதுவும் இரண்டாவது தடவைதான் சரியாக வந்தது.